சோப்பு அக்காவின் அரைமாதச் சம்பளம்

குறைமாதக் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்த நர்சு ஒருத்திக்கு நான் அரைமாதச் சம்பளம் கடன்பட்டிருந்தேன். கைமாற்று வாங்கிய கடன் இல்லை. என் வாயால் வந்த கடன்.

நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் குழாய் வேலையில் என்னை அடித்துக்கொள்ள இந்த ஊரில் ஆள் கிடையாது. மாடி வீடு, இரண்டு வேன், எல்லாம் இந்தக் கை சம்பாதித்தது.

அவளை எல்லோரும் சோப்பு அக்கா என்பார்கள். வார்டு வாசலில் யார் வந்தாலும் முழங்கை வரை கழுவ வைப்பாள். பெரிய டாக்டரையே ஒருமுறை திருப்பி அனுப்பினாளாம். கழுவிக் கழுவி அவள் விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கும். புருஷன் இல்லை, இரண்டு பெண்களைத் தனியாளாக வளர்த்தாள். அங்கே கிடந்த பிஞ்சுகளுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்திருந்தாள். ஏழாம் மாதமே பிறந்த என் பேரன் 'அவசரக்காரர்'. "அவசரக்காரர் இன்னிக்கு ரெண்டு சொட்டு கூடுதலா குடிச்சார்" என்று சொல்லி, அழுதுகொண்டிருக்கும் என் மகளைச் சிரிக்க வைப்பாள்.

அன்று நானும் ஒழுங்காகத்தான் கை கழுவினேன். கழுவிய கையோடு நோட்டுக்கட்டை எடுத்து, எச்சில் தொட்டு எண்ணி, அவளிடம் நீட்டினேன். நம் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. வேண்டாம் என்றவள், பக்கத்துக் குழந்தையின் கண்ணாடிப் பெட்டியில் மணி அடிக்கவும் அங்கே ஓடினாள். பேரன் கையில் நூல் மாதிரி ஒரு குழாய், ரத்தத்தில் மருந்து ஏற்ற. இணைப்பில் முறுக்கிக்கொண்டு கிடந்தது. குழாயைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா? கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, கழற்றி, நேராக்கி மாட்டினேன்.

திரும்பி வந்தவள், "ஐயா, எதையாவது தொட்டீங்களா? தொட்டிருந்தா சொல்லுங்க, மாத்திடலாம்" என்றாள்.

இல்லை என்றேன்.

மறுநாள் பிள்ளை சாம்பல் நிறமாகிவிட்டான். மூச்சு விட்டு விட்டு வந்தது. ரத்தத்தில் கிருமி, குழாய் வழியாகப் போயிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான் நடைபாதையில் நின்று, அந்த நர்சு கை சுத்தமில்லை என்று ஊரைக் கூட்டினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டார்கள்.

மருந்து கேட்டது. பிள்ளை பிழைத்தான். வீட்டுக்குக் கிளம்பும் நாளில் என் மகள் சொன்னாள்: "நல்லவேளைப்பா, நீங்க கேட்டீங்க. இல்லேன்னா அந்தப் பாவி இன்னும் எத்தனை பிள்ளையத் தொட்டிருப்பா."

அப்போதே டாக்டர் அறைக்கு மகளையும் கூட்டிப்போய், நடந்ததைச் சொன்னேன். மகள் பிள்ளையை என் பக்கத்திலிருந்த தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

சோப்பு அக்காவை வேலைக்குத் திரும்ப எடுத்தார்கள். போன நாட்களின் சம்பளம் மட்டும் வராது என்றார்கள். மாடியில் அவள் இருந்த ஒற்றை அறைக்குப் போனேன். இரண்டு மடங்கு கொண்டுபோயிருந்தேன், பழக்கதோஷம்.

"அரை மாசந்தான் போச்சு. மீதிய உள்ள வைங்க" என்றாள். பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். மகள் அவனை என்னிடம் தூக்கக் கொடுப்பதில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நன்றாக இருக்கிறான் என்றேன். அவள் கையை நீட்டினாள். வெடித்துக் கிடந்த அந்த உள்ளங்கையில் ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தேன்.