2147483647 இல் நின்றுபோன கொழுந்து

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தபோது, நான் ஹட்டனில் ஒரு கடையின் பிரிண்டரைக் கழற்றிப் போட்டிருந்தேன். பேசியவர் அங்கே கொழுந்து நிறுக்கும் கிளாக்கர் யோகராஜா. "அக்கா, நேத்துலேருந்து டோட்டல் ஏற மாட்டேங்குது. நான் கை வெச்சிட்டேன்னு சொல்றாங்க. இன்னைக்கே வாங்கக்கா." குரலே சரியில்லை. பிரிண்டரை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

தராசில் சாக்கை வைத்தால் எடை கம்ப்யூட்டருக்குப் போகும். சிஸ்டம் அதைக் கிராமாக மாற்றி, தொடங்கிய நாள் முதல் வந்த கொழுந்தையெல்லாம் ஒரே மொத்தமாகக் கூட்டிக்கொண்டே போகும். யாரோ எழுதிய சிஸ்டம். பராமரிப்பு மட்டும் என்னுடையது. இப்போது எத்தனை சாக்கு வைத்தாலும் மொத்தம் 2147483647 என்றே நின்றது.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஓடிட்டர் ஃபாரூக் கெட்டிக்காரர். அதுதான் சிக்கலே.

"தராசு நூறு நூறு கிராமாத்தான் காட்டும், மிஸ். அப்ப மொத்தம் ரெண்டு சைபர்ல முடியணும். இது நாப்பத்தேழுல முடியுது. தராசு குடுக்காத நம்பர மனுசன்தானே அடிச்சிருக்கணும்? எதையாவது பெருக்கிப் போட்டாரோன்னு மூணு, ஏழு, பதினொன்னுன்னு வகுத்தும் பாத்தேன். ஒன்னுலயும் மீதியில்லாம போகல."

யோகராஜா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "வேலை போனா குவாட்டர்ஸும் போயிரும்க்கா. புள்ளைங்கள கூட்டிக்கிட்டு எங்க போவேன்?"

எனக்கோ அந்த எண்ணைப் பார்த்ததுமே உடம்பு லேசாகிவிட்டது.

"எதாலயும் போகாது சார். அது முதன்மை எண். ஒன்னாலயும் தன்னாலயும் மட்டுந்தான் வகுபடும்" என்றேன். பிறகு அதை, ஒன்றும் சைபரும் மட்டுமே வரும் துவித எண்ணாகத் தாளில் எழுதிக் காட்டினேன். முப்பத்தொரு ஒன்றுகள், நடுவில் ஒரு சைபர்கூட இல்லை. நமக்குத் தாறுமாறாகத் தெரியும் எண் கம்ப்யூட்டருக்குள் அப்படித்தான் வரிசையாக நிற்கிறது.

"பைக் மீட்டர்ல எல்லாம் ஒன்பதாகிட்ட மாதிரி. மொத்தத்த வைக்கிற இடம் இவ்வளவுதான் கொள்ளும். அதுக்கு மேல என்ன வந்தாலும் இந்த சிஸ்டம் இதையேதான் காட்டும்."

ஃபாரூக் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. என் லெப்டொப்பில் பரிசோதனைக்கு வைத்திருந்த காலி சிஸ்டத்தைத் திறந்து அவர் பக்கம் தள்ளினேன். "நீங்களே அடிங்க. எவ்வளவு பெருசா வேணும்னாலும்."

வரிசையாக ஒன்பதுகளை அடித்து எண்டரைத் தட்டினார். திரையில் 2147483647. வேறு இலக்கங்களைப் போட்டு இன்னும் பெரிதாக அடித்தார். அதே எண்.

"இப்ப நீங்க கை வெச்சீங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் சும்மா இருக்காது. பக்கத்தில் நின்ற, தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா சிரிப்பை அடக்க இருமினார்.

நல்லவேளை, ஒவ்வொரு சாக்கின் எடையும் தனித்தனியாகப் பத்திரமாக இருந்தது. மொத்தத்துக்கான இடத்தைப் பெரிதாக்கி, முதலிலிருந்து கூட்டவிட்டேன். புதிய மொத்தம் அழகாக இரண்டு சைபரில் முடிந்தது. ஃபாரூக் எழுந்து போய் யோகராஜாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "என் கணக்கு சரிதான். ஆளத்தான் தப்பா புடிச்சிட்டேன். மன்னிச்சிருங்க."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: விசித்திரமான எண்ணைக் கண்டால், யார் அடித்தது என்று கேட்கும் முன், அது என்ன எண் என்று கேளுங்கள். எனக்கு அது பள்ளியில் படித்த வெறும் கணக்காகத்தான் இருந்தது. அன்று யோகராஜா வெளியே போய் மனைவிக்கு போன் எடுத்துப் பேசியது காதில் விழுந்தபோதுதான், அந்தக் கேள்விக்குள் ஒரு வீடே இருந்தது புரிந்தது.

"கட்டி வெச்ச சாமானையெல்லாம் அவுத்துரு. நாம எங்கயும் போகல."