சுகுணா சொன்ன தேதி

1. விரிப்பு

ஸ்கேன் ரூமில் திரைக்குப் பின்னால் சுகுணா அக்கா கட்டில் விரிப்பைச் சுருட்டி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் பக்கத்து அறையில் இன்னொருவருக்கு மருந்து எழுதிக்கொண்டிருந்தார். நான் ஸ்கேன் மெஷினைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

"சிஸ்டர், இன்னைக்கு ஸ்கேன் வேண்டாமுங்க. இந்தத் துணிய நானே அலசிக் குடுத்தர்றேன்."

"எதுக்குக்கா நீங்க அலசணும்? குடுங்க இங்க."

வாங்கிப் பிரித்தேன். ரத்தம் பட்டிருந்தது. நாலைந்து சொட்டு இல்லை. அன்றைக்குத்தான் தொடங்கிய மாதவிடாய் என்று பார்த்த உடனே தெரிந்தது. ஆனால் எங்கள் கணக்கில் அது அவருக்குப் பத்தாம் நாள். மாத்திரை முடிந்து, முட்டை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டிய நாள்.

"எப்பக்கா வந்துச்சு?"

"காத்தாலதாங்க. சிஸ்டர், வெளிய அத்தை உக்காந்திருக்காங்க. அவங்ககிட்ட மட்டும் சொல்லிராதீங்க. உங்களக் கும்புட்டுக் கேக்கறேன்."

உண்மையாகவே கையெடுத்துக் கும்பிட்டார். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர்.

2. நான் யார், இந்த வேலை என்ன

இதை எழுதும் எனக்கு ரிட்டயர் ஆக எக்கச்சக்க வருஷம் இருக்கிறது. பி.எஸ்சி. நர்சிங் முடித்து நாலு வருஷ வேலை, அவ்வளவுதான். ஆனாலும் எங்கள் கிளினிக்கில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னிடம்தான் முதலில் வருகிறார்கள். இதைச் சொல்லாமல் அவர்களை ஸ்கேன் ரூமுக்குள் விட எனக்கு மனசில்லை.

கேரள எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட்டிலிருந்து உள்ளே தள்ளி, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் எங்கள் கிளினிக். இந்தப் பக்கம் பாலக்காட்டுக்காரர்கள், அந்தப் பக்கம் பொள்ளாச்சிக்காரர்கள், இரண்டு பேரும் வருவார்கள். டாக்டரம்மா மலையாளி. நான் மூணாறு எஸ்டேட்டில் பிறந்தவள். ஆகவே எங்கள் ஓ.பி.யில் ஒரே நேரத்தில் மூன்று விதமான பேச்சு ஓடும். ஒருத்தருக்கொருத்தர் புரியும், ஆனால் எல்லாம் புரியும் என்று நினைத்துக்கொள்வதில்தான் ஆபத்து.

குழந்தைக்காக வருகிறவர்களில் நிறையப் பேருக்குப் பிரச்சினை ஒன்றுதான்: முட்டை சரியான காலத்தில் வராது. ஒரு மாதம் வரும், அடுத்த இரண்டு மாதம் வராது. மாதவிடாயும் அப்படியே தள்ளித் தள்ளிப் போகும். மாதவிடாய் தொடங்கிய இரண்டாம் நாளிலிருந்து ஐந்து நாள் மாத்திரை கொடுப்போம். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன். இதற்கு ஃபாலிகுலர் ஸ்டடி என்று பெயர். முட்டை வளர்ந்து பக்குவத்துக்கு வந்ததும் ஓர் ஊசி. அதன்பின் கணவனும் மனைவியும் சேர்ந்திருக்க வேண்டிய நாளைச் சொல்லி அனுப்புவோம்.

கவனியுங்கள், இதெல்லாமே ஒரே ஒரு தேதியின் மேல் நிற்கிறது. அந்தத் தேதியை மெஷின் சொல்லாது. அந்தப் பெண்தான் சொல்ல வேண்டும்.

3. அத்தை சொன்ன தேதி

சுகுணா அக்கா வேலந்தாவளம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டு மருமகள். கல்யாணமாகி ஆறு வருஷம். கணவர் செந்தில் தென்னையும் மாடும் வைத்திருந்தார். பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விடுவார். கூடவே இருப்பவர் மாமியார் பொன்னாத்தா. கேட்கிற கேள்விக்கெல்லாம் அவரேதான் பதில் சொல்வார்.

"கடைசியா எப்பக்கா தலைக்குக் குளிச்சீங்க?" என்று நான் சுகுணா அக்காவைக் கேட்டால், "நேத்துத்தான் ஊட்டுக்குத் தூரமாச்சு. எனக்குத் தெரியாதா? எம்பட மாட்டுச் சாளைலதான படுத்திருந்தா" என்பார் பொன்னாத்தா. தெளிவான, தயங்காத பதில். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. அரைகுறையாக யோசித்துச் சொல்லும் பேஷண்டுகளுக்கு நடுவே இப்படி ஒரு மாமியார்! அப்படியே எழுதிக்கொண்டேன்.

இரண்டாம் நாளே ஒரு ஸ்கேன் பார்ப்பது நல்லது. அதற்கும் பொன்னாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. "தூரமா இருக்கறப்ப உள்ள வெச்சுப் பாக்கறது வேண்டாமுங்க" என்றார். சுகுணா அக்காவும் தலையாட்டினார். டாக்டர் வற்புறுத்தவில்லை. கர்ப்பம் இல்லை என்று யூரின் டெஸ்ட் மட்டும் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்தோம்.

இரண்டு முறை கொடுத்தும் முட்டை வளரவில்லை. கர்ப்பப்பைச் சுவர் மட்டும் கணக்குக்குச் சம்பந்தமில்லாமல் தடித்துக் கிடந்தது. மருந்து கேட்கவில்லை என்று முடிவானது. இந்தத் தடவையும் பலிக்காவிட்டால் கோயம்புத்தூரில் ஆபரேஷன். வயிற்றில் துளைபோட்டு, கருமுட்டைப் பையில் சூடு வைப்பது. பயப்பட வேண்டிய ஆபரேஷன் இல்லைதான். ஆனால் தேவையில்லாத ஒருத்திக்குச் செய்யக்கூடியதும் இல்லை. ரெஃபர் பண்ணுவதற்கு அந்தப் பத்தாம் நாள் ஸ்கேனுக்காகத்தான் காத்திருந்தோம்.

அந்த நாளில்தான் விரிப்பில் ரத்தம்.

4. பப்பாளி மரம்

கதவைச் சாத்தினேன். பேட் கொடுத்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா, பத்து நாளைக்கு முன்னால வந்தது என்ன?"

"அது வரலீங்க."

"வரலியா?"

"வந்த மாதிரி சாளைல போய் உக்காந்துக்கிட்டனுங்க."

மாதவிடாய் நாளில் சமையலறைக்கும் சாமி அறைக்கும் போகாமல், மாட்டுக் கொட்டகையை ஒட்டிய சாளை என்கிற சின்ன அறையில் தனியாக இருப்பது அந்த வீட்டு வழக்கம். அதனால் யாருக்கு எப்போது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் இருப்பதே ஒரு அறையும் அடுப்படியும்தான். எங்கே போய்த் தனியாக உட்கார்வது? அம்மா அந்த நாட்களிலும் கொழுந்து பறிக்கப் போவாள். தூரமாக உட்கார்வதை ஒருத்தி நடிக்க முடியும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

அவர் சொன்னது இதுதான். கல்யாணமான இரண்டாம் வருஷம் இரண்டு மாதம் தள்ளிப்போயிற்று. பொன்னாத்தா புல்லுக்கட்டைத் தூக்க விடவில்லை. உடுமலையில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டார். மகள் குடும்பத்தோடு பலகாரம் கொண்டு வந்து இறங்கினாள். வாசலில் பப்பாளி மரம் ஒன்று காய்த்துத் தொங்கியது. மருமகள் தெரியாமல் ஒரு பழம் தின்று கரு கலைந்துவிடக் கூடாது என்று அதை வெட்டிச் சாய்த்தார்கள்.

"அடுத்த வாரமே வந்திருச்சுங்க சிஸ்டர். நான் சாளைக்குப் போறேன், எல்லாரும் பாத்துட்டு நிக்கறாங்க. யாரும் ஒரு வார்த்தை வையல. வஞ்சிருந்தாக்கூடப் பரவால்லீங்க. அந்தப் பப்பாளிக் கட்டையத் தாண்டித்தான் தினமும் தண்ணிக்குப் போகோணும்."

அதற்குப் பிறகு தள்ளிப்போவதை யாருக்கும் காட்டவில்லை. மாதம் ஆனதும், வந்தாலும் வராவிட்டாலும், கணக்காகச் சாளையில் போய் உட்கார்ந்துவிடுவார். நிஜமாகவே வரும்போது மறைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடமாடுவார்.

"அப்ப வீட்டுக்காரருக்கு?"

"அவருக்கு என்னத்தத் தெரியுது? அந்த நாள்ல தலவலின்னு படுத்துக்குவனுங்க, எனக்கு அடிக்கடி அப்படி வரும்னு நெனச்சுட்டு இருக்காருங்க. தைலம் வாங்கி வாங்கிக் குடுக்கறாரு." சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பிறகு அவர் குரல் அடங்கிவிட்டது.

"நெசமா வந்த நாள்ல சாமி ரூமுக்குள்ள போய் வெளக்கு வெச்சிருக்கறனுங்க. வேற வழியில்ல. அதனாலதான் எனக்கு நிக்கலியோ என்னமோ."

படித்த படிப்பை எல்லாம் எடுத்துக் கொட்டினேன். விளக்குக்கும் முட்டைக்கும் சம்பந்தமில்லை, இது ஹார்மோன், இதற்குப் பேர் இன்னது என்று படபடவென்று பேசினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பேசி முடித்ததும், "இதை இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்லீங்க" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவருக்கு வேண்டியிருந்தது என் விளக்கம் இல்லை.

5. டாக்டர் கேட்டது

"டாக்டர்கிட்ட மட்டும் சொல்லியே ஆகணும்க்கா. இல்லன்னா உங்கள ஆபரேஷனுக்கு அனுப்பிருவாங்க" என்றேன். சம்மதித்தார்.

டாக்டர் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி என்னைப் பார்த்தார். "எந்தா ஜெயா, அப்போ நாம இத்தன நாளும் யாருக்கு மருந்து கொடுத்தது? அந்தச் சாளைக்கா?" என்றார். சுகுணா அக்கா அழ ஆரம்பித்ததும் எழுந்து வந்து தோளைத் தொட்டார். "அய்யோ, கரையண்டா மோளே. தப்பு நம்மட பக்கமும் உண்டு. மருந்து கேக்கலன்னு சொல்ல நம்ம கையில இப்ப ஒண்ணுமே இல்ல. அதுக்கு நேரா ஒரு சான்ஸ் கொடுத்துப் பார்ப்போம். ஆபரேஷன் இப்ப வேண்டாம்."

நாளைக்கு இரண்டாம் நாள். காலையில் வந்து ஸ்கேன் பார்த்து, மாத்திரையைத் தொடங்க வேண்டும். அதாவது மறுபடி முதலிலிருந்து. இப்போதுதான் சாளையிலிருந்து எழுந்து வந்த மருமகளுக்கு மறுபடி ஏன் முதலிலிருந்து என்று வெளியில் இருப்பவர் கேட்பாரே?

நான்தான் யோசனை சொன்னேன். எனக்கு யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. "அக்கா, மருந்தை மாத்தியாச்சு, இனிமே தேதிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு நான் போய்ச் சொல்லிருதேன். டாக்டர் சொன்னாங்கன்னா கேட்டுக்கிடுவாங்க."

சுகுணா அக்கா முகத்தைத் துடைத்தார். "இன்னொரு பொய்யா சிஸ்டர்? இருக்கறதையே சொமக்க முடியல." கதவைத் திறந்துகொண்டு அவரே வெளியே போனார்.

6. வராண்டாவில்

நான் பின்னாலேயே போய்த் தண்ணீர் கேன் பக்கம் நின்றுகொண்டேன். பொன்னாத்தா சுவரோரமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் நிறுத்தவில்லை.

கேட்டு முடித்தபின் பொன்னாத்தா முதலில் கேட்ட கேள்வி, "தைப்பூசத்தன்னைக்கு நீதான வெளக்கு வெச்ச?"

"ஆமாங்கத்தை."

"அன்னைக்கும் தூரமா?"

"ஆமாங்கத்தை."

போச்சு, இப்போது வெடிக்கும் என்று நினைத்தேன். பெஞ்சில் இருந்த இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். பொன்னாத்தா முந்தானையை இழுத்து உதட்டை ஒற்றினார். "எங்கிட்டச் சண்ட போட்டிருக்கலாமே அம்மணி. எதுக்கு மரத்த வெட்டுனீங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. நான் என்ன, அத்தன மோசமானவளா?"

"இல்லீங்கத்தை. நீங்க சந்தோசமா இருந்தீங்க. அதத்தான் தாங்க முடியல."

பிறகு பொன்னாத்தா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"ஏனுங்க சிஸ்டர், நீங்க படிச்ச புள்ள. இனி தேதிய நாங் கேக்கோணுமா, கேக்கக் கூடாதா?"

இந்தக் கேள்விக்கு நர்சிங்கில் பாடம் கிடையாது. சுகுணா அக்காதான் பதில் சொன்னார்: "நானே சொல்றனுங்கத்தை. இருந்தாலும் சொல்றேன், இல்லைன்னாலும் சொல்றேன்."

7. இப்போது நான் கேட்பது

அதன்பிறகு, துணைக்கு வருகிறவர்களை வெளியில் உட்கார வைத்துவிட்டுத்தான் தேதி கேட்கிறேன். கேட்கும் விதத்தையும் மாற்றிக்கொண்டேன். "வீட்டுல சொன்ன தேதி இருக்கட்டும்க்கா, உங்க தேதி என்ன?" என்பேன். பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். சிலர் மட்டும் கதவைத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்போது அவசரப்படக் கூடாது. என் மாதிரி வாய் நிற்காத ஆட்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இவ்வளவுதான்.

சுகுணா அக்காவுக்கு அந்த முறை முட்டை வளர்ந்தது. மற்றவர்களைவிட மெதுவாக. மூன்று ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல், ஆபரேஷன்தான் போலிருக்கிறது என்று நாங்களே சோர்ந்துபோன பிறகு, நாலாவதில் திரையில் கருப்பாக, உருண்டையாக ஒன்று. "தா, கண்டோ" என்று டாக்டர் மானிட்டரைத் திருப்பிக் காட்டினார். அக்கா மூச்சுவிடாமல் பார்த்தார்.

குழந்தை உண்டாயிற்றா என்று கேட்பீர்கள். அதை நான் சொல்லப் போவதில்லை. அது அவர் சொல்ல வேண்டிய சேதி.

நான் சொல்லக்கூடியது அன்றைக்கு வராண்டாவில் பார்த்தது மட்டும்தான். சுகுணா அக்கா வெளியே வந்தார். பொன்னாத்தா வாயைத் திறக்கவில்லை. கேட்காமல் இருக்க அவர் பட்ட பாடு முகத்தில் அப்படியே தெரிந்தது. "ஒண்ணு வளந்திருக்குதுங்கத்தை" என்று மருமகளே சொன்னதும், "செரி, செரி" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் பொன்னாத்தாவின் போன் அடித்தது. உடுமலையிலிருந்து மகள்.

"ஆஸ்பத்திரியா? இல்ல கண்ணு, சந்தைக்கு வந்தோம்" என்றார் பொன்னாத்தா. "உங்கண்ணனுக்கு ஒரு மாடு பாக்கலாம்னு. ஆமா, அவளுந்தான் வந்திருக்கா. வேற ஒரு விசேசமும் இல்ல. போன வெய்யி."