மேனேஜரை மாத்தணுமாம்

கால்பந்துக்குள்ள இருக்கிற ரப்பர் பிளாடர்ல விழுந்த ஓட்டையை ஒட்டிட்டு, இன்னைக்கு மார்த்தாண்டத்துல பஸ் ஏறினேன். அலுப்புல கண்ணைச் சொருகிட்டு வந்துது.

முன் சீட்டுல ரெண்டு தேங்காய் வியாபாரிகள். சனிக்கிழமை எங்க கடலோரத்துக் கடப்புறம் டீம் தோத்ததைத்தான் பேசிட்டு வந்தாங்க.

"நம்மளை ஆளுற திருவனந்தபுரத்துல மந்திரிசபையே நிக்காம மாறுது ஓய். இந்த டீமுக்கு மட்டும் அதே மேனேஜர்! பதினோரு பேருக்கு ஏழு பேரை வச்சு ஆடுனா எப்படி ஜெயிக்கும்? முதல்ல அவரைத் தூக்கணும்."

அந்த மேனேஜர் நான்தான். அவங்களுக்கு என்னைத் தெரியாது. பந்துப் பையை மடியில அமுக்கிக்கிட்டேன்.

"சனிக்கிழமை ஆட்டம் வச்சா அப்படித்தான்," மத்தவர் சொன்னார். "பாதிப்பேரு கடல்ல கிடப்பான். ஞாயித்துக்கிழமைதான் நம்ம பயலுவ வள்ளம் இறக்க மாட்டானுவ."

"ஞாயித்துக்கிழமை வச்சா மிஷன் டீமு ஓய்வுநாள்னு ஆட வராதே."

இந்தப் பேச்சை எத்தனை கமிட்டிக் கூட்டத்துலதான் கேக்க? நானே வாயைத் திறந்தேன். "பேசாம அந்த ஆளை நீக்கிருங்க அண்ணாச்சி. அவருக்கும் நிம்மதி."

தூக்கணும்னு சொன்னவரே திரும்பி என்னை முறைச்சார்.

"நீக்கிட்டு? ரெண்டு டீமுக்கும் ஒத்துவர்ற கிழமையை நீரு கொண்டு வருவீரா? டீமை நீரு நடத்துவீரா?"

"நான் மாட்டேன்." சத்தியமாத்தான் சொன்னேன்.

"பின்ன பேசாம இரும். அவரே இருந்துட்டுப் போறாரு, பாவம்."

என்னை நீக்கணும்னு நானே வாதாடி, அதுலயும் தோத்து இறங்கினேன்.

அடுத்த ஆட்டமும் சனிக்கிழமைதான். மேனேஜர் ஆக ஆசையுள்ள ஆளு யாராவது இருந்தா சொல்லுங்க மக்கா. பிளாடர் இப்பதான் ஒட்டியிருக்கு.