இரண்டாவது கம்ப்ரசர்

பெங்களூர் பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில், மெஷின்களுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் இரண்டாவது ஏர் கம்ப்ரசரை ஓட்டுவது என் வேலையாக இருந்தது. என் மகள் எனர்ஜி மேனேஜ்மென்ட்டில் எம்.பி.ஏ. படித்தாள். கரண்ட் எங்கே வீணாகிறது என்று ஒரு ஃபேக்டரியில் அளந்து ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். ஓனரைக் கேட்டேன். வரச் சொன்னார்.

மகள் வந்து பார்க்கும் இடம் மானமாக இருக்கட்டும் என்று, முந்தின வாரமே காற்று கசிந்த குழாய்களைத் தேடித் தேடி இறுக்கினேன். அந்தக் கசிவை ஈடுகட்டத்தான் இரண்டு கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு நாள் மீட்டர் வைத்து அளந்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“ஒரு கம்ப்ரசரே போதும்னு வருதுப்பா.”

“எது வேணாம்?”

“நீ ஓட்டுறதுதான். பழசு, கரண்ட் ஜாஸ்தி இழுக்குது. எழுதாம விட்டுடட்டுமா?”

“விட்டா மார்க் வருமா?”

“வராது.”

“அப்ப எழுது.”

எழுதினாள். ஓனர் அவளுக்குக் கை கொடுத்தார். அடுத்த மாதம் என் மெஷினை நிறுத்தி, என்னைப் பேக்கிங்கில் போட்டார்கள். அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிறேன். அங்கே மெஷின் சத்தம் இல்லை. எல்லாரும் பேசுகிறார்கள்.