டேபிள் ஃபேன் யாருக்கு

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு டேபிள் ஃபேன். அது எனக்கும் வீசாது, என் கணவருக்கும் வீசாது. பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்த கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்தபடி இராப்பகலாகச் சுற்றிக்கொண்டிருக்கும். மண்ணூரில் ஷீட் போட்ட மாடி அறை அது. சீலிங் ஃபேன் மாட்ட வழியில்லை. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் செல்போன் பொருத்தும் லைனில் ஷிஃப்ட் முழுக்க ஏசியில் நின்றுவிட்டு வருவேன். வந்து காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு, பெட்டி சுகமாகக் காற்று வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பற்றிக்கொண்டு வரும்.

அவர் செய்தது ஆராய்ச்சி. தோண்டி எடுக்க முடியாத ஆழத்தில் கிடக்கும் நிலக்கரியைப் பூமிக்குள்ளேயே கொளுத்தி, ஒரு துளை வழியாகக் காற்றை அனுப்பி, இன்னொரு துளை வழியாக எரிவாயுவாக மேலே எடுப்பார்களாம். கரி எரிய எரிய உள்ளே விழும் குழி எப்படி வளரும், எந்தப் பக்கம் போகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவர் வேலை. நிஜத்தில் அவர் ஒரு தீக்குச்சிகூடக் கிழித்ததில்லை. கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னாம்மா, உன் வூட்டுக்காரரு கரி கொளுத்துறாருன்னியே, பொகையே காணோமே" என்பார். சிரித்து வைப்பேன். வேறென்ன செய்வது?

ஊரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் அவர் 'பெரிய படிப்பு'. உதவித்தொகை நின்றுபோன பிறகு நான் வேலைக்குப் போனேன், அவர் வீட்டில் இருந்தார். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட விடமாட்டார். "இங்க வா, நேத்தைவிட இப்ப எவ்வளவு வளந்திருக்கு பாரு" என்று திரையைக் காட்டுவார். கத்தரிக்காய் மாதிரி ஒரு சிவப்புத் திட்டு. எனக்கு நேற்றும் இன்றும் ஒன்றாகத்தான் தெரியும். "ஆமா, வளந்திருக்கு" என்பேன்.

அந்தச் சித்திரையில் ஓடிக்கொண்டிருந்ததுதான் கடைசிக் கணக்கு. அது முடிந்தால் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். அவருடைய பேராசிரியர் மாதக் கடைசியில் வெளிநாடு போகிறார். அதற்குள் முடியாவிட்டால் அவர் திரும்பி வரும்வரை ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். சூடேறினால் பெட்டி அப்படியே நின்றுவிடும். அந்தப் பழைய புரோகிராமில் நடுவில் நின்றதைத் தொடர முடியாது, முதலிலிருந்துதான்; அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

லைனில் கேட்டவர்களிடம், "அவருக்குக் கம்ப்யூட்டர் வேலை" என்று மட்டும் சொல்லியிருந்தேன். பொய்யில்லை. ஐடி கம்பெனி, பெரிய சம்பளம் என்று மிச்சத்தை அவர்களே கட்டிக்கொண்டார்கள். நான் கலைக்கவில்லை. கலைக்க வெட்கமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் பக்கத்தில் நின்று வேலை செய்யும் பெண் தன் அம்மாவோடு படியேறி வந்துவிட்டாள். அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு அழைக்கக் குங்குமத்தோடு வந்திருந்தார்கள். இவர் லுங்கியும் பனியனுமாக, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு பெட்டி முன்னால் குந்தியிருந்தார்.

"கம்ப்யூட்டர் ரிப்பேராம்மா? ஆளு வந்துகீறாரு போல" என்றார் அந்த அம்மா.

இவர் எழுந்து, "இல்லம்மா, நான்தான் வீட்டுக்காரன். உக்காருங்க" என்றார். என் முகம் எரிந்தது. அந்தப் பெண் அவருடைய லுங்கியைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைதானே, லீவு என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே மோர் கலக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது ஃபேன் அவர்கள் பக்கம் திரும்பியிருந்தது. அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு காற்றில் கண்ணை மூடியிருந்தாள். இவர்தான் திருப்பியிருக்கிறார். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். தெரிந்தும், முதலில் வந்தது நிம்மதிதான். அப்பாடா, இப்போதாவது இது ஒரு சாதாரண வீடு மாதிரி இருக்கிறதே என்று.

அவர்கள் ஆற அமரப் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டுக் கதை, வளையல் வாங்கிய கதை. திரையின் மூலையில் ஓடிக்கொண்டே இருக்கும் எண் ஒரு கட்டத்தில் ஓடவில்லை. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். மவுஸை ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டு மானிட்டரை அணைத்தார். அந்த அம்மாவிடம், "இன்னும் கொஞ்சம் மோர் குடிங்கம்மா, வெயிலு சாஸ்தி" என்றார்.

குங்குமம் வைத்துக்கொண்டு, அவர்களைப் படிவரைக்கும் விட்டுவிட்டு வந்து கதவைச் சாத்தினேன். கோபம் அவர்மேல்தான் பாய்ந்தது.

"ஒரு வருசம் போச்சே. மெஷினுக்குத்தான் ஃபேன் வேணும், வாங்க கீழ போய் உக்காந்து பேசலாம்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருக்கலாம்" என்றார். "என்ன வேலை, எந்தக் கம்பெனின்னு அந்தம்மா கேட்பாங்க. உனக்கு வெக்கமா இருக்கும்."

குறை சொல்வது போலக்கூடச் சொல்லவில்லை. ஃபேனை எடுத்து என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, மோர் குடித்த தம்ளர்களைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார்.