வயிற்றுப் பிள்ளைக்கு ரத்தம்

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். டாக்டர் சொல்வது பாதி புரியாது, மீதிக்குப் பயம் வந்துவிடும். எண்பதுகளில் ஒருமுறை அப்படித்தான் பயந்து கிடந்தேன். மூத்த மகளுக்குப் பிறகு பிறந்த இரண்டும் உடம்பெல்லாம் மஞ்சள் பூத்து இறந்திருந்தன. அடுத்தது வயிற்றில் இருந்தது.

சங்கரன்கோவில் டாக்டரம்மா சொன்னார்: "உன் ரத்தம் பிள்ளைக்குச் சேரல. உள்ளயே அதுக்கு ரத்தம் வத்துது. வெளிநாட்டுல வயித்து வழியா ஊசி போட்டு, பொறக்கும் முன்னாலயே பிள்ளைக்கு ரத்தம் ஏத்துதாங்களாம்."

எங்கள் ஊரான பனவடலிசத்திரம் திரும்பி வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மனதில் ரத்தம் மட்டும்தான் நின்றது. மறுநாள் ஆடுகளை மேய்ச்சலுக்கு விடாமல் அடைத்துவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு தம்பிமாரோடும் பங்காளிகளோடும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். எல்லாரும் சட்டைக் கையைச் சுருட்டியிருந்தார்கள்.

"மதினி, என் ரத்தம் ஏறுனா பிள்ள என்னைய மாதிரி கருப்பா வரும். பொறவு ஏசக்கூடாது," என்றான் கொழுந்தன். அந்தப் பயத்திலும் சிரித்துவிட்டேன்.

"எம்புட்டு வேணும்னாலும் எடுங்கம்மா," என்று என் வீட்டுக்காரர் கையை நீட்டினார்.

டாக்டரம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "ரத்தம் கிடைச்சிரும்யா. அதை உள்ள ஏத்தத் தெரிஞ்ச ஆளு இங்கன இல்ல. எனக்கும் தெரியாது."

சுருட்டிய சட்டைக் கையை யாரும் இறக்கிவிடவில்லை.

அந்தப் பிள்ளையும் தங்கவில்லை. விதி என்றார்கள், நானும் தலையாட்டினேன். ஆனால் என்னைப் போலவே ரத்தம் சேராத ஒருத்தி, அந்த ஊசி இருக்கும் ஊரில் பிறந்ததால் பிள்ளையோடு வீட்டுக்குப் போயிருப்பாள். அதை நினைத்த பிறகு விதி என்ற வார்த்தை என் வாயில் வருவதில்லை.