வாத்தியாரிடம் சொன்ன வயது

வாத்தியாரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவருடைய குரல்தான். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்களை யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; குட்டி, கறுப்பி என்பதோடு சரி. அவர் மட்டும் காலையில் கதவருகே நின்று, 'மீனாட்சி' என்று ஒவ்வோர் எழுத்தையும் நிதானமாகச் சொல்வார். அந்தப் பெயருக்கு உரியவள் நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும்.

இலங்கையில் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அப்பாவும் அம்மாவும் வேலை செய்தார்கள். அங்கே பள்ளிக்கூடம் கிடையாது. திருச்சியிலிருந்து வந்த ஒரு படித்த இளைஞர் வேலையில்லாமல் பண்டாரவளையில் அலைகிறார் என்று கேள்விப்பட்டு, லயத்து ஆட்கள் கூடிப் பேசி அவரை அழைத்து வந்தார்கள். ஆடு கட்டியிருந்த கடைசி அறையைப் பெண்கள் கழுவிச் சாணம் மெழுகிப் பள்ளிக்கூடமாக்கினார்கள். வீட்டுக்கு வீடு முறை வைத்து அவருக்குச் சோறு போட்டார்கள். எங்கள் முறை வரும் நாளில் அவர் அப்பாவை 'அண்ணே' என்று கூப்பிட்டுக்கொண்டே சாப்பிடுவார்.

மறு வருடம் புத்தகம் வேண்டும் என்றார். மாசி தோறும் எங்கள் லயத்தில் காமன் கூத்து நடக்கும். ரதி வேஷம் எப்போதும் அப்பாவுக்குத்தான். சலங்கை கட்டி அவர் அழுது ஆடினால் பக்கத்துத் தோட்டத்துப் பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கூத்துக்குச் சேர்த்த பணத்தை இந்த வருடம் புத்தகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று முதலில் சொன்னவரும் அப்பாதான். சாமி குத்தமாகிவிடும் என்று சிலர் பயந்தார்கள். "படிக்கிற புள்ளைங்கள சாமி ஒண்ணும் செய்யாது" என்றார் அப்பா. பதுளையில் கடை வைத்திருந்த ஒரு வியாபாரி அக்கரை இந்தியாவிலிருந்து வரவழைத்த புத்தகங்களை அப்பாவும் கூட்டாளிகளும் தலைச்சுமையாகவே கொண்டு வந்து சேர்த்தார்கள்.

புத்தகத்துக்கேற்ப வகுப்புப் பிரிக்க வேண்டும், பிள்ளைகளின் சரியான வயதைச் சொல்லுங்கள் என்று வாத்தியார் வீடு வீடாக வந்தார். பத்து வயதானால் பிள்ளையைப் புல் வெட்ட அனுப்ப வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். அதனால் ஆட்களை வேலை வாங்கும் கங்காணியிடம் தாய்மார் எல்லோரும் வயதைக் குறைத்தே சொல்லியிருந்தார்கள். அம்மா தயங்கினாள்.

"நம்ம வாத்தியார்தானே, சொல்லு" என்றார் அப்பா.

அம்மா உண்மையைச் சொன்னாள். எல்லா வீட்டிலும் சொன்னார்கள்.

சில மாதங்கள் கழித்து, தோட்டத்துப் பேர்க்கணக்கு எழுதிவந்த பழைய கணக்கப்பிள்ளை ஊருக்குப் போய்விட்டார். ஒரு நாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் பிள்ளைகளையும் கூட்டி வரச் சொன்னார்கள். மூடுபனியில் கங்காணிக்குப் பக்கத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு வாத்தியார் நின்றிருந்தார். இனி இவர்தான் கணக்கப்பிள்ளை என்றார் கங்காணி. பிறகு வாத்தியார் எங்கள் பெயர்களைக் கூப்பிட்டார். அதே குரல், அதே நிதானம். என் பெயர் வந்ததும் பழக்கத்தில், "வந்திருக்கேங்க வாத்தியாரே" என்றேன். அவர் கங்காணி பக்கம் திரும்பி, "இதுக்குப் பத்து முடிஞ்சிருச்சு" என்றார்.

அப்பா வரிசையை விட்டு முன்னால் போனார். "வாத்தியாரே, உங்கள நம்பித்தானே சொன்னோம்?"

"கணக்கப்பிள்ளை அய்யான்னு சொல்லு. நேரமாச்சு, மலைக்குப் போ."

அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. அன்றே என் கையில் புல்வெட்டி வந்தது. பள்ளிக்கூட அறையில் மண்வெட்டிகளை அடுக்கிப் பூட்டினார்கள். புத்தகங்கள் கங்காணி வீட்டுப் பிள்ளைகளுக்குப் போயின. அடுத்த மாசியில் கூத்து மறுபடி நடந்தது; ரதியாக வேறொருவர் ஆடினார். அப்பா வெளியே வரவே இல்லை.

வாத்தியாருக்கும் ஊரில் வயிறுகள் காத்திருந்திருக்கும். எங்களால் சோறுதான் போட முடிந்தது, சம்பளம் கொடுக்க முடியவில்லை. இதை இப்போது என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. ஆனால் வேலையை ஏற்றுக்கொள்வதற்கு எங்கள் வயதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அதை அவரிடம் யாரும் கேட்கவில்லை என்று பிறகு கங்காணியே சொன்னார்.

பல வருடங்களுக்குப் பிறகு பண்டாரவளையில் ஒரு மளிகைக் கடையில் வாத்தியாரைக் கண்டேன். கடைக்காரருக்குக் கண் மங்கியிருந்ததால் பஞ்சாங்கத்தில் நல்ல நாள் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தேன். நரைத்த தலையோடு உள்ளே வந்தவர் சற்று நேரம் கேட்டுவிட்டு, "இது நான் படிக்க வச்ச புள்ள" என்று கடைக்காரரிடம் பெருமையாகச் சொன்னார். பொய்யாக இருந்திருந்தால் அங்கேயே மறுத்திருப்பேன். உண்மை என்பதால் பஞ்சாங்கத்தை மூடி வைத்தேன். சாமானைக்கூட வாங்காமல் வெளியே வந்தேன்.

மாட்டுவண்டியில் காத்திருந்த அப்பா, உள்ளே பேசியது யார், தெரிந்த குரலாக இருக்கிறதே என்றார்.

"யாரோ தெரியாத ஆளுப்பா" என்றேன்.